ட்ரிங்கோவில இருந்து ட்வைலைட் இம்பீரியம் விளையாட கொம்பியூட்டர செட் பண்ணுறது எப்பிடி

ட்வைலைட் இம்பீரியம் எண்ட விண்வெளி போர்ட் கேம பெட்டியா வாங்கி திருகோணமலைக்கு இறக்குறது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்டியின்ர விலை ஒரு பக்கம், அனுப்புற செலவும் கஸ்டம்ஸும் இன்னொரு பக்கம், அதெல்லாம் குடுத்து எடுத்தாலும் ஆறு பேர் ஒரு மேசையில ஆறு ஏழு மணித்தியாலம் சேர்ந்து இருக்கோணும், எங்கட செட்டில ஒராள் உவர்மலை, ஒராள் நிலாவெளி, ஒராள் மூதூர், மிச்சப்பேர் லண்டனிலயும் டொரொன்டோவிலயும் எண்டா அது எந்தக் காலத்தில நடக்கிறது. அதால கொம்பியூட்டர்தான் வழி. நல்ல வழியும்கூட, ஒழுங்கா செட் பண்ணினா.

அந்த ஒழுங்கா எண்ட சொல்லுக்குத்தான் இவ்வளவும் எழுதுறன். விளையாடுற நாளில செட்டப் செய்யவே கூடாது. டவுன்லோட், டெஸ்ட், மேப், ஆர் எந்த இனத்த வச்சு விளையாடுறது எண்டுறது, எல்லாம் அதுக்கு முந்தின கிழமையே முடிஞ்சிருக்கோணும். ஆறு பேர் ஒன்லைன்ல வந்து குந்திக்கொண்டு ஒராளுக்கு படம் லோட் ஆகேல்லை, ஒராளுக்கு பாஸ்வேர்ட் தெரியேல்லை எண்டு ரெண்டு மணித்தியாலம் போச்சுதெண்டா அந்த ஆட்டம் அண்டைக்கு முடியாது, அடுத்த முறை கூப்பிட்டா பாதிப்பேர் வரவும் மாட்டாங்கள்.

தெரியாத ஆக்களுக்கு ஆட்டத்தப் பற்றிக் கொஞ்சம். முதல் பதிப்பு 1997ல வந்தது, ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் கொம்பனி. இப்ப எல்லாரும் விளையாடுற நாலாம் பதிப்பு 2017. அதில 17 இனம், 3 பேரில இருந்து 6 பேர் வரைக்கும். 2020ல ப்ரொஃபெசி ஒஃப் கிங்ஸ் எண்டு ஒரு எக்ஸ்பான்ஷன், அதாவது மேலதிகப் பெட்டி, வந்து இன்னும் 7 இனத்தச் சேர்த்து ஆள் கணக்க 8 ஆக்கிச்சுது. நடுவில மெக்கட்டொல் ரெக்ஸ் எண்ட தலைநகரக் கிரகம், சுத்திவர அறுகோண ஓடுகள், ஓரத்தில ஒவ்வொராளின்ர சொந்த இடம். முதல்ல 10 புள்ளி எடுக்கிறவர் வெற்றி. சண்டை பிடிக்கிற ஆட்டம் மாதிரி வெளியால தெரியும், உள்ளுக்க போனா முக்கால்வாசி கதைச்சுப் பேசி பேரம் பண்ணுறதுதான். அதாலதான் எங்கட ஆக்களுக்கு இது நல்லாப் பிடிக்கும் எண்டு நான் அடிச்சுச் சொல்லுறன்.

கொம்பியூட்டரில இத விளையாட நான் சொல்லுறது டேபிள்டொப் சிமுலேட்டர். பெர்சர்க் கேம்ஸ் எண்ட கொம்பனி செய்தது, 2015ல இருந்து ஸ்டீம் எண்ட ஒன்லைன் கேம் கடையில இருக்கு, விண்டோஸ், மெக், லினக்ஸ் மூண்டிலயும் ஓடும். இது ரூல்ஸ் தெரிஞ்ச கேம் இல்லை, இத முதலே விளங்கிக்கொள்ளோணும். இது ஒரு வெறும் மேசை. சாமான்களத் தூக்கலாம், வைக்கலாம், உருட்டலாம், கார்ட கையில மறைச்சு வச்சிருக்கலாம், அவ்வளவுதான். ட்வைலைட் இம்பீரியம் அதுக்குள்ள வாறது ஸ்டீம் வேர்க்ஷொப் எண்ட பகுதியில ரசிகர்கள் செய்து போட்டிருக்கிற மோட், அதாவது மேலதிகமாச் சேர்க்கிற ஃபைல், மூலமா. பிழையா கப்பல நகர்த்தினா கொம்பியூட்டர் தடுக்காது, மேசையில இருக்கிற ஒராளுக்காவது ரூல்ஸ் வடிவாத் தெரிஞ்சிருக்கோணும். ரூல்புக்க ஃபேன்டஸி ஃப்ளைட் தங்கட சைட்டிலயே பிடிஎஃப் ஆ சும்மா எடுக்க விட்டிருக்கு, போன்ல இறக்கி வச்சுக்கொள்ளுங்க.

வாங்குறதப் பற்றி. ஒவ்வொராளுக்கும் சொந்தக் கொப்பி வேணும், ஒராள் வாங்கி ஆறு பேர் ஒன்லைன்ல விளையாட ஏலாது. ஸ்டீம்ல எங்களுக்கு விலை டொலர்ல தான் காட்டும், வருசத்தில நாலைஞ்சு தரம் பெரிய சேல் வரும், அதுவரைக்கும் பொறுக்க ஏலுமெண்டா பொறுங்க. டெபிட் கார்ட் போட்டு காசு போகேல்லையெண்டா கனக்க நேரம் பேங்கில வெளிநாட்டு ஒன்லைன் பேமன்ட் ஓன் பண்ணாமத்தான் இருக்கும், பேங்குக்கு ஒரு கோல் எடுத்தாக் காணும். வெளிநாட்டில இருக்கிற மச்சான் கிஃப்ட்டா அனுப்புறன் எண்டா முதல் ஸ்டீம்ல பாக்கச் சொல்லுங்க, நாட்டுக்கு நாடு விலை வித்தியாசமா இருந்தா சில கிஃப்ட் அனுப்ப விடாது.

காசு போட ஏலாத ஆக்களுக்கு வசால் எண்டு ஒரு சொஃப்ட்வெயார் இருக்கு, முழுக்க இலவசம், பழைய லப்டொப்பிலயும் ஓடும், பழைய மூண்டாம் பதிப்புக்கு அதில மொடியூல் இருக்கு. அதின்ர பெரிய நல்லது என்னெண்டா எல்லாரும் ஒரே நேரத்தில ஒன்லைன்ல இருக்கத் தேவையில்லை, நீங்க உங்கட ஆட்டத்த ஆடி, செய்ததெல்லாம் பதிஞ்ச லொக் ஃபைலா சேவ் பண்ணி அடுத்த ஆளுக்கு மெயில்லயோ வட்ஸ்அப்பிலயோ அனுப்பலாம். பாக்க வடிவா இருக்காது. ஆனா ஷிஃப்ட் வேலை செய்யிற ஆக்களுக்கு இது பெரிய உதவி.

இனி லப்டொப். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாட்டியும் ஓடும், ஆனா இந்த மோட் சின்னச் சாமான் இல்லை, நூற்றுக்கணக்கில கப்பல், கார்ட், ஓடு எல்லாம் ஒரே நேரத்தில மேசையில நிக்கும். 4 ஜிபி ராம்ல மூச்சு வாங்கும், 8 இருந்தா நிம்மதி. கொன்ஃபிகரேஷனுக்குள்ள போய் கிராஃபிக்ஸ் குவாலிட்டியையும் ரெசலூஷனையும் இறக்கி விடுங்க, நிழல், ரிஃப்ளெக்ஷன் ஒண்டும் இந்த ஆட்டத்துக்குத் தேவையில்லை. ப்ரௌசர மூடுங்க. மவுஸ் கட்டாயம் வேணும், டச்பேட்டில கமராவத் திருப்பித் திருப்பி ஆறு மணித்தியாலம் விளையாடினா கை போயிடும்.

டவுன்லோட் தான் எங்கட ஊர்ல முக்கியமான கட்டம், அதால இதக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். ஸ்டீம் வேர்க்ஷொப்பில ட்வைலைட் இம்பீரியம் எண்டு தேடினா கனக்க மோட் வரும், நாலாம் பதிப்புக்கெண்டு போட்டு, சமீபத்தில அப்டேட் ஆகி, கனபேர் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கிறதப் பாத்து எடுங்க, எல்லாரும் அதே ஒண்டைத்தான் எடுக்கோணும் எண்டு லிங்க குரூப்பில போட்டு விடுங்க. சப்ஸ்கிரைப் பண்ணினா வாறது ஒரு சின்ன ஃபைல் மட்டும்தான். அதுக்குள்ள இருக்கிறது என்ன சாமான் எங்க நிக்குது, அதின்ர படம் இன்டர்நெட்டில எந்த இடத்தில இருக்கு எண்ட விபரம். உண்மையான படங்கள், த்ரீடி மொடல்கள் எல்லாம் நீங்க முதல்தரம் மேசையத் திறக்கேக்கதான் ஒவ்வொண்டா இறங்கும். அதாலதான் சப்ஸ்கிரைப் பண்ணிட்டன், ரெடி எண்டு சொல்லுறவர் விளையாடுற நாளில எல்லாரையும் காக்க வைக்கிறார்.

ராத்திரி டேட்டா உள்ள பக்கேஜ் எண்டா நடுச்சாமத்துக்குப் பிறகு டேபிள்டொப் சிமுலேட்டரத் திறந்து, க்ரியேட் அமத்தி, சிங்கிள் ப்ளேயர் குடுத்து, கேம்ஸ் விண்டோவில வேர்க்ஷொப் பகுதிக்குப் போய், மோட லோட் பண்ணி விட்டுட்டு இருங்க. மேல வலது பக்கத்தில உங்கட பெயருக்குப் பக்கத்தில லோடிங் வீதம் ஓடும். 100 ஆகினதும் பெயர் மட்டும் நிக்கும். அதோட மூடாம, கமராவ சுத்தி மேசையின்ர எல்லா மூலையையும் ஒருக்காப் பாருங்க, பைகளுக்குள்ள இருக்கிற சாமான் வெளியால எடுக்கேக்கதான் சிலது இறங்கும், அதால ஒரு இனத்தின்ர பெட்டியத் திறந்து கப்பல் எல்லாத்தையும் மேசையில கொட்டிப் பாக்கிறது நல்லது. வெள்ளை வெள்ளையா படம் இல்லாம நிண்டா நெட் இடையில அறுந்திருக்கும், திரும்ப லோட் பண்ணுங்க.

இப்ப பென்ட்ரைவ் விசயம். இறங்கின எல்லாம் விண்டோஸில டொக்கியூமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள மை கேம்ஸ், அதுக்குள்ள டேபிள்டொப் சிமுலேட்டர், அதுக்குள்ள மோட்ஸ் எண்ட ஃபோல்டரில தங்கும். கொன்ஃபிகரேஷனில மோட் கேஷிங், அதாவது இறங்கினத சேமிச்சு வைக்கிற வசதி, ஓன்ல இருந்தாச் சரி, வழமையா ஓன்ல தான் இருக்கும். அந்த மோட்ஸ் ஃபோல்டர அப்பிடியே பென்ட்ரைவ்ல கொப்பி பண்ணி மற்றவரின்ர லப்டொப்பில அதே இடத்தில போட்டா அவருக்கு திரும்ப டவுன்லோட் ஆகாது, கொம்பியூட்டர் ஏற்கனவே இருக்கிற ஃபைல எடுத்துக்கொள்ளும். உவர்மலையில நல்ல ஃபைபர் உள்ள ஒராள் இறக்கி, போன் டேட்டாவில இருக்கிற மூதூர் ஆளுக்கும் கிண்ணியா ஆளுக்கும் பென்ட்ரைவ்ல குடுத்தா எவ்வளவு டேட்டா மிச்சம் எண்டு யோசிச்சுப் பாருங்க. இந்த ஒரு வேலையாலயே வசதி குறைஞ்ச ஆளும் சமமா மேசைக்கு வரலாம், எனக்கு இதில பெரிய சந்தோசம். படங்கள் இறங்கின பிறகு விளையாடுறதுக்கு போற டேட்டா கொஞ்சம்தான்.

ஹோஸ்ட், அதாவது தன்ர கொம்பியூட்டரில மேசையத் திறந்து மற்றவங்களச் சேர்க்கிறவர், ஆர் எண்டுறத காசு, லப்டொப் பவர் எல்லாம் பாத்து முடிவெடுக்காதீங்க, கரண்டையும் நெட்டையும் பாத்து முடிவெடுங்க. ஹோஸ்ட் விழுந்தா மேசையே விழுந்திடும். கார்த்திகை மார்கழி மழையில இடி மின்னலோட எங்கட பக்கம் எப்ப கரண்ட் போகும் எண்டு சொல்லேலாது, அந்த மாதங்களில வெளிநாட்டு ஆள ஹோஸ்ட்டாப் போடுறதுதான் புத்தி. இங்கயிருந்து ஹோஸ்ட் பண்ணுறதெண்டா லப்டொப் பேட்டரி நல்லா இருக்கோணும், ரவுட்டருக்கு குட்டி யூபிஎஸ் ஒண்டு வேணும், கடையில ரவுட்டர் யூபிஎஸ் எண்டு கேட்டாலே தருவாங்கள். ஹோஸ்ட் க்ரியேட் போய் மல்டி ப்ளேயர் குடுத்து, சேர்வருக்கு ஒரு பெயர், பாஸ்வேர்ட், ஆள் எண்ணிக்கை போடோணும். பாஸ்வேர்ட் போடாட்டி தெரியாத ஆக்கள் உள்ள வந்து சாமான இழுப்பாங்கள், கட்டாயம் போடுங்க. மற்றவங்கள் ஜொயின் அமத்தி சேர்வர் பெயரத் தேடி வரலாம், இல்லாட்டி ஸ்டீம் ஃப்ரெண்ட் லிஸ்டில இருந்தே வரலாம். கதைக்கிறதுக்கு உள்ளுக்கயே வொய்ஸ் இருக்கு, ஆனா நான் டிஸ்கோர்ட் எண்ட கோல் அப்தான் சொல்லுவன், அதையும் போன்ல போடுங்க, லப்டொப் விழுந்தாலும் ஆள் கோல்ல இருப்பார்.

மேப் போடுறத ஆட்டத்துக்கு முந்தின கிழமை போன்லயே முடிக்கலாம். 6 பேர் ஆட்டத்துக்கு 37 ஓடு, நடுவில மெக்கட்டொல், ஆறு சொந்த இடம், மிச்சம் 30. பெட்டியில சொன்ன முறையில ஒவ்வொராளுக்கும் 3 நீலம் 2 சிவப்பு ஓடு குடுத்து மாறி மாறி வைக்கோணும். நீலத்தில வழமையான கிரகங்கள், சிவப்பில வெறும் வெளி, எரிகல், நெபுலா, சூப்பர்நோவா மாதிரித் தடைகள். இத கொம்பியூட்டரில ஆறு பேரும் ஒவ்வொண்டா வைச்சுக்கொண்டு இருந்தா நேரம் போகும், பழகின ஆக்கள் நல்ல இடத்த தங்களுக்கு வச்சுக்கொள்ளுவாங்கள், புது ஆள் பாவம். அதுக்குப் பதிலா மில்டி ட்ராஃப்ட் எண்ட வெப் டூல் இருக்கு, சும்மா பாவிக்கலாம். அது மேப்ப துண்டு துண்டா வெட்டித் தரும், ஒவ்வொராளும் முறைப்படி ஒரு துண்டு, ஒரு இனம், மேசையில ஒரு இருக்கை எண்டு எடுக்கோணும், முதல்ல எடுத்தவர் அடுத்த சுத்தில கடைசி. லிங்க குரூப்பில போட்டா வேலைக்குப் போற பஸ்ஸில இருந்தும் ஒராள் தன்ர தெரிவ எடுக்கலாம். முடிவில வாற நம்பர் வரிசைதான் மேப் ஸ்ட்ரிங், ஒவ்வொரு அறுகோண ஓட்டுக்கும் ஒரு நம்பர் இருக்கு, மெக்கட்டொல் 18. அந்த வரிசைய கொப்பி பண்ணி மோட்டில மேப் செட்டப் பகுதியில ஒட்டினா ஓடெல்லாம் தானா அடுக்கும். பட்டன்களின்ர பெயர் மோட் அப்டேட்டுக்கு அப்டேட் மாறும், மேசையோரத்தில இருக்கிற செட்டப் பகுதிய வாசிச்சுப் பாத்து போங்க.

புது ஆக்கள் இருந்தா எக்ஸ்பான்ஷன ஓஃப் பண்ணி விடுங்க. முதல் ஆட்டத்தில 17 இனமே கூடித்தான் போச்சு. புது ஆளுக்கு சோல் குடுங்க, மனிசரின்ர இனம், காலாட்படை பலம், எல்லாம் நேரா விளங்கும். கதைக்கக் கெட்டிக்காரர் எண்டா ஹக்கான், வியாபார இனம், ட்ரேட் கார்ட மற்றவர் விளையாடேக்க இவங்கள் டோக்கன் செலவழிக்காமலே பங்கு எடுக்கலாம், மேசையில எல்லாரும் இவங்களோட கதைக்க வருவாங்கள். நெக்ரோ எண்ட இனத்த புது ஆளுக்குக் குடுக்கவே வேண்டாம், வாக்குப் போட ஏலாது, வழமையான மாதிரி டெக்னொலொஜி ஆராயவும் ஏலாது, எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கிற ரூல்ஸில பாதி அவருக்கு மட்டும் வேற மாதிரி நிக்கும்.

உள்ள வந்ததும் ஒவ்வொராளும் மேல வலது பக்கத்தில தன்ர பெயர அமத்தி நிறத்த மாத்தி தன்ர இருக்கைக்குப் போகோணும். சாம்பல் நிறம் பாக்க வந்தவர். கறுப்பு ஆட்டம் நடத்துறவருக்கு, அந்த நிறத்தில இருக்கிறவருக்கு எல்லாரின்ர மறைச்ச கார்டும் தெரியும், அதால விளையாடுற ஒருத்தரும் அதில இருக்கக் கூடாது. நம்பிக்கையான ஒராள ஹோஸ்ட் ப்ரொமோட் பண்ணி வச்சா ஹோஸ்ட் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் வேலை நடக்கும்.

கீபோர்ட்டில கொஞ்சம் பழகோணும். மவுஸ் வலது பட்டன அமத்திப் பிடிச்சா கமரா திரும்பும், சக்கரம் கிட்ட தூர, டபிள்யூ ஏ எஸ் டி நகர, ஸ்பேஸ் பார் அமத்தினா கமரா திரும்ப தன்ர இடத்துக்கு வரும். எஃப் பிரட்டுறது, க்யூவும் ஈயும் திருப்புறது, ஆர் குலுக்குறது, ஜி சேர்த்து அடுக்குறது, எல் பூட்டுறது. ஓல்ட் அமத்தி கார்ட்டுக்கு மேல மவுஸ வச்சா பெருசாத் தெரியும், இதுதான் ஆகலும் கூடப் பாவிக்கிறது. டேப் அமத்தினா நீங்க காட்டுற இடத்தில எல்லாருக்கும் ஒரு அம்பு தெரியும், உந்தக் கிரகத்தச் சொல்லுறன் எண்டு கத்தத் தேவையில்லை. மேப் அடுக்கின பிறகு ஓடுகள் எல்லாம் பூட்டியிருக்கோ எண்டு ஒருக்கா இழுத்துப் பாருங்க, பூட்டாட்டி ஒராளின்ர கை பட்டு ஒரு சூரியத் தொகுதியே கப்பலோட எழும்பி வந்திடும். கொன்ட்ரோல் செட் அமத்தினா கொஞ்ச நேரம் பின்னால போகும், ஆனா இந்த மாதிரி பெரிய மோட்டில அது மேசைய எல்லாருக்கும் திரும்ப லோட் பண்ணும், நெட் குறைஞ்ச ஆள் தொங்கிப்போய் நிப்பார், அதால கையால திருத்த ஏலுமான பிழைய கையாலயே திருத்துங்க.

முதல் ரவுண்டுக்கு முன்னால ஹோஸ்ட் ஒரு செக்கிங் செய்யோணும். ஒவ்வொராளிட்டையும் கொமாண்ட் டோக்கன், அதாவது கட்டளை வில்லை, டெக்டிக்கில 3, ஃப்ளீட்டில 3, ஸ்ட்ரெட்டஜியில 2 இருக்கோணும். ஃப்ளீட்டில எத்தினை டோக்கனோ அத்தினை கப்பல்தான் ஒராளுக்கு ஒரு சூரியத் தொகுதியில நிக்கலாம், ஃபைட்டர் அதில சேராது, புது ஆக்கள் இத மறக்காம முதலே சொல்லிக்குடுங்க. சீக்ரெட் ஒப்ஜெக்டிவ், அதாவது மற்றவருக்குக் காட்டாத இலக்குக் கார்ட், 2 குடுத்து 1 வச்சுக்கொள்ளோணும். ஒவ்வொரு ரவுண்டும் ஆக்கள் தெரிவு செய்யிற ஸ்ட்ரெட்டஜி கார்ட் மொத்தம் 8 இருக்கு; 5 பேர் 6 பேர் எண்டா ஆளுக்கு ஒண்டு, 3 பேர் 4 பேர் எண்டா ஆளுக்கு ரெண்டு. மெக்கட்டொல்ல இருக்கிற காவலர் டோக்கன 6 இன்ஃப்ளுவன்ஸ் (கிரகங்கள் தாற செல்வாக்கு) குடுத்து எடுக்கிறவருக்கு 1 புள்ளி, அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு ரவுண்டின்ர முடிவிலயும் வாக்குப் போடுற அஜெண்டா கட்டம் வரும், அதுவரைக்கும் அதப் பற்றிப் புது ஆளுக்கு விளக்கத் தேவையில்லை. சண்டைக்கு பத்துப்பக்க டைஸ், மோட்டிலயே உருட்டுறதுக்கு உதவி இருக்கு, அதப் பாவிச்சா எந்தக் கப்பல் எத்தினை அடிச்சுது எண்டு வாக்குவாதம் வராது.

நேரம். எங்கட மாலை 5.30க்கு லண்டன்ல பின்னேரம் ஆகேல்லை, குளிர்காலத்தில மத்தியானம் 12, கோடையில 1 மணி. டொரொன்டோவில காலை 7, கோடையில 8. மூண்டு பக்கத்துக்கும் தாங்கக்கூடிய நேரம் இதுதான், எங்களுக்கு நடுச்சாமம் தாண்டும், ஆனா அடுத்த நாள் லீவா இருந்தாச் சரி. ஞாயிறில போயா (பௌர்ணமி லீவு) வாற கிழமைய விட திங்கள்ல போயா வாற கிழமைதான் தங்கம், ஞாயிறு இரவு விளையாடிட்டு திங்கள் நித்திரை கொள்ளலாம். கோணேசர் திருவிழா நாள், ஆடி அமாவாசை எல்லாம் முதலே கலண்டர்ல பாத்து விட்டுடுங்க, பெருநாள் நோன்பு காலத்தில கிண்ணியா, மூதூர் ஆக்களிட்டக் கேட்டு நேரத்த மாத்துங்க. ஒரு மேசையில எல்லாரும் இருக்கிறதுதான் இந்த ஆட்டத்தின்ர அழகு, ஒராளுக்கு ஏலாத நாளில போட்டு ஐஞ்சு பேரோட நடத்துறது எனக்கு மனசுக்கு ஒத்துக்கொள்ளாது.

கடைசியா சேவ். கேம்ஸ் விண்டோவில சேவ் அண்ட் லோட் எண்ட இடத்தில ஹோஸ்ட் ஒவ்வொரு ரவுண்ட் முடிவிலயும் சேவ் பண்ணோணும், ஓட்டோசேவ் இருக்கெண்டு நம்பி இருக்க வேண்டாம். அந்த ஃபைல் மோட்ஸுக்குப் பக்கத்தில சேவ்ஸ் எண்ட ஃபோல்டரில நிக்கும், அதில படம் ஒண்டும் இல்லாததால சின்ன ஃபைல்தான், வட்ஸ்அப்பில டொக்கியூமென்டா குரூப்புக்கு போட்டு விடலாம். ஹோஸ்ட்டின்ர வீட்டில கரண்ட் போனா அடுத்தவர் அந்த ஃபைல தன்ர சேவ்ஸ் ஃபோல்டரில போட்டுத் திறந்து சேர்வர க்ரியேட் பண்ணினா ஆட்டம் அதே இடத்தில இருந்து ஓடும், ஆரின்ர கார்டும் மாறாது. ஃபைலுக்குப் பெயர் வைக்கேக்க திகதியும் ரவுண்ட் நம்பரும் போடுங்க, அடுத்ததா விளையாட வேண்டியது ஆர் எண்டுறதையும் குரூப்பில ஒரு வரி எழுதி பின் பண்ணி விடுங்க. ரெண்டு கிழமை கழிச்சு தொடரேக்க அந்த வரிதான் தேடுவீங்க.